வில்லும் எண்ணெயும்

தமிழில் 'வில்வண்டி' என்றொரு சொல் உண்டு. காளை பூட்டிய அதே வண்டிதான். கட்டைவண்டியின் பாரம் அச்சின்மேல் நேரே இறங்கும். வில்வண்டியின் கூண்டோ, அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும். மிராசு வீட்டுப் பெண்டிரும் ஊருக்கு வரும் பெரிய மனிதர்களும் வில்வண்டியில் ஏறினர். நெல்லும் எருவும் கட்டைவண்டியில் போயின. நெல்லுக்கு முதுகு வலிப்பதில்லை. சீமையிலிருந்து கோச்சு வண்டிகளோடு இப்பட்டைகள் நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தபோது, எவரும் அகராதியைத் தேடிப் போகவில்லை. வளைத்தால் நிமிர்கிற பொருளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது, அதையே வைத்தனர்.

ஆனால் இவ்விஷயத்தின் மறுபாதிக்கு அப்படியொரு நல்ல பெயர் அமையவில்லை. வளைத்துவிட்ட வில் ஒருமுறை நிமிர்ந்து ஓய்ந்துவிடுவதில்லை, ஆடும். மாட்டின் நடைக்கு அந்த ஆட்டம் பொருட்டல்ல. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே அதை அடக்கப் போதுமானது. மோட்டார் வேகத்துக்கு அது போதாது. ஆகவே எண்ணெய் நிரம்பிய ஓர் உருளையும், அதனுள் சிறு துளைகளுடைய ஒரு பிஸ்டனும் தேவைப்பட்டன. சக்கரம் ஏறி இறங்குகையில் பிஸ்டன் எண்ணெயைத் துளைகளின் வழியே பிதுக்கும். ஆட்டத்தின் விசை எண்ணெயில் சூடாக மாறி, உருளையின் மேற்பரப்பு வழியே காற்றில் கலந்துவிடும். நூல்களில் 'அதிர்வுத் தாங்கி' என்று எழுதுகிறார்கள். பொருந்தாத பெயர். தாங்குவது வில்லின் வேலை. இந்த உருளை எதையும் தாங்குவதில்லை, தணிக்க மட்டுமே செய்கிறது. பட்டறைகளில் இதனை 'ஷாக்கப்சர்' என்பர். நெருங்கிப் பழகியவர்கள் 'ஷாக்' என்பதோடு நிறுத்திக்கொள்வர். நாங்களும் அவ்வாறே எழுதுகிறோம்.

நாங்கள் என்பது அண்ணனும் தங்கையுமாகிய இருவர். ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டின் கீழும் மேலுமாகக் குடியிருக்கிறோம். வாகனம் 1997-இல் பதிவான ஒரு மாருதி ஜிப்சி. வாகனத்துக்கு உரியவர் எங்கள் அப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையின் பெட்டிப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து 2004-இல் ஓய்வு பெற்றவர்.

2022 மே மாதம் அப்பா கிணற்றடியில் வழுக்கி உட்கார்ந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, உட்கார்ந்தார், அவ்வளவே. எழுபத்தெட்டு வயதில் எலும்பு சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் போலாகிவிடுகிறது. இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு தன் பாரத்திலேயே நசுங்கியது. அறுவை வேண்டாம், இடுப்புப் பட்டை, படுக்கை, ஊசி, அதன்பின் வாரம் இருமுறை இயன்முறைப் பயிற்சி என்றார் மருத்துவர். குலுக்கல் மட்டும் கூடவே கூடாது என்றார். பயிற்சிக் கூடமோ ஆற்றுக்கு அக்கரையில், திருச்சி நகருக்குள். இயன்முறையாளரை வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தோம். கம்பியும் கப்பியும் இல்லாமல் பாதிப் பயிற்சிதான் நடக்கும் என்றார் அவர்.

ஜிப்சி வேண்டாம், வேறு வண்டியில் போகலாம் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். எங்களுக்கும் தோன்றிற்று. ஆனால் தாழ்ந்த காரில் அமர இடுப்பை மடித்து, தலையைக் குனிந்து, உடலைத் திருப்ப வேண்டும். நசுங்கிய முள்ளெலும்புக்கு இம்மூன்றும் ஆகாதவை. ஆட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜிப்சியின் இருக்கையோ நிற்பவர் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருக்கும். ஒரு முக்காலியை இட்டு அதில் ஏறி, நின்றவாக்கில் பின்புறமாகச் சரிந்தால் அமர்ந்துவிடலாம். ஏறுவதற்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. அமர்ந்த பிறகுதான் தொல்லை.

அவ்வாண்டே அதன் பதிவும் முடிந்தது. தனியார் வாகனத்துக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டு, பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1997-ஐக் கொண்டு கணக்கிட்டால் 2012, 2017, 2022. நாடு முழுவதற்குமான புதிய விதியின்படி, 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகியிருந்தது. உறவினர் அனைவரும் ஒருமுகமாக 'தள்ளிவிட்டுவிடுங்கள்' என்றனர். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் விழுந்த நாளிலிருந்தே பேச்சைக் குறைத்திருந்தார். அந்த வாரம் அறவே நிறுத்திவிட்டார். கட்டணத்தை ஏன் கட்டினோம் என்று எவரேனும் கேட்டால், இதற்குமேல் எங்களிடம் பதில் இல்லை.

இனி வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1985-இல் இந்தியாவுக்கு வந்த ஜிப்சி 2019-இல் விற்பனையிலிருந்து விடைபெற்றது. இடைப்பட்ட முப்பது சொச்சம் ஆண்டுகளில் ராணுவமும் காவல்துறையும் வனத்துறையும் அதை ஏற்றாத மலையில்லை. முன்னும் பின்னும் திண்ணிய ஒற்றை அச்சு. நான்கு மூலையிலும் பட்டைவில். ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வழியில்லா வழியில் போவதற்கென அமைந்த வில் அது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2,375 மில்லிமீட்டர்தான். அதனால் மேட்டில் ஏறினால் முகத்தைத் தூக்கும், இறங்கினால் கவிழ்க்கும். ஆமோதிக்கிற மனிதரைப் போலத் தலையாட்டிக்கொண்டே போகும். இளவயதில் எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போக மாம்பழச் சாலையைத் தாண்டிக் காவிரிப் பாலம் ஏற வேண்டும். 1976-இல் கட்டிய பாலம். கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் கண்ணுக்குக் கண் ஓர் இடைவெளி விட்டு, அதில் இணைப்பு பொருத்தியிருப்பார்கள். நாற்பத்தைந்து ஆண்டுப் போக்குவரத்தில் அந்த இணைப்புகள் தேய்ந்து, ஒவ்வொன்றும் சாலைக்குக் குறுக்கே கிடத்திய உலக்கை போலாகியிருந்தது. முதல் நாள் அதைக் கடந்தபோது அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பையும் எண்ணினார். சிந்தாமணியில் இறங்கியதும், நான்கு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக முழு வாக்கியமொன்று பேசினார்.

"முன்பக்கம் பட்டை வேலையே செய்யல. டயர்தான் ஸ்பிரிங்கா நிக்குது."

அன்று மாலை அதை எங்களுக்கு விளக்கினார். வில் ஒழுங்காக இயங்கினால் வண்டியின் உடல் நொடிக்கு ஒன்றிரண்டு முறை மெல்ல அசையும். தொட்டிலைவிடச் சற்று வேகமான அசைவு, முதுகு அதைப் பொருட்படுத்தாது. பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால் சிறு மேடுகளுக்கு வில் வளையவே வளையாது. அப்போது வண்டிக்கும் சாலைக்கும் இடையே எஞ்சுவது டயரிலுள்ள காற்று ஒன்றே. டயர் கடுமையான வில்; அதன்மேல் வண்டி நொடிக்கு மூன்று, நான்கு முறை உதறும். அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்போ நொடிக்கு நான்கிலிருந்து ஆறு முறை வருகிற செங்குத்து அதிர்வுக்குத்தான் மிகுதியாக இசைந்து ஆடுகிறது. இது ஆய்வர்கள் பல்லாண்டு முன்பே கண்ட செய்தி. ரயில்வேயிலும், ஒரு பெட்டியின் ஓட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல, குலுக்கல் எவ்வளவு பெரிது என்பதோடு எவ்வளவு விரைவாக வருகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்; ஸ்பெர்லிங் குறியீடு என்று அதற்குப் பெயர். ஆக, அப்பாவின் முதுகை வருத்தியது மேட்டின் உயரத்தைவிட உதறலின் வேகம். பள்ளத்தில் 'தொம்' என்று விழுவதைவிட, சின்ன இணைப்புகளில் 'தடதட' என்பது அவருக்கு ஏன் அதிகம் வலித்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

சொல்லிவிட்டு, அளக்க வேண்டும் என்றார். அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பது பணிமனைப் பழக்கம். கருவி? சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளர். ஒரு மரப்பலகையில் வட்டமாகக் குழித்து அதில் டம்ளரை இறுக்கி, பலகையை முன்கண்ணாடிக்குக் கீழே திருகாணியால் பொருத்தச் செய்தார். இருநூறு மில்லி நீர், விளிம்பு வரை. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தைக் கடந்து, மீதமிருப்பதை மருந்துப் புட்டியின் அளவுக் குப்பியில் ஊற்றிப் பார்ப்பது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிற்று: ஏழு சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளரில் நீர் தானாக அலைவது நொடிக்கு மூன்றரை முறையளவில். முதுகைத் தொல்லைப்படுத்துகிற அதிர்வின் பக்கத்து வீடு. அப்பா இதைத் தெரிந்து டம்ளரைத் தேர்ந்தாரா, கைக்கு எட்டியதால் எடுத்தாரா என்று கேட்டோம். மறுமொழி இல்லை.

2022 ஆகஸ்டு, ஆடிப்பெருக்கு கழிந்த வாரம். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்தி நீரைப் பார்ப்போர் கூட்டம். மூன்று முறை கடந்தோம். மீந்த நீர் 148, 152, 151. அப்பா பழைய நாட்குறிப்பேடு ஒன்றில் எழுதிக்கொண்டார்.

பிறகு பட்டறை. முதலில் போன இடத்தில் பழைய ஜீப்புகளை உயர்த்திக் கட்டுவதே பெருவழக்கு. அங்கிருந்த இளைஞர் முன் மட்காட்டின்மேல் இரு கையாலும் அமுக்கிவிட்டு எடுத்தார். வண்டி ஆடாமல் அப்படியே நின்றது. "ஷாக் நல்லாத்தாங்க இருக்கு" என்றார். இது எல்லோரும் அறிந்த சோதனை. அமுக்கி விட்டால் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போயிற்று என்று பொருள். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னோம். "துருப் பிடிச்ச கதவுகூடத்தான் காத்துல ஆடாது, அதுக்காகக் கீல் நல்லாருக்குன்னு சொல்வாங்களா?" என்றார். அந்த இளைஞர் இரண்டு அங்குலம் உயர்த்தும் வளையங்களும், உயர் அழுத்த வாயு அடைத்த ஷாக்குகளும் போட்டால் வண்டி பறக்கும் என்றார். எங்களுக்குப் பறக்க வேண்டியிருக்கவில்லை. மேலும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பை விருப்பம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடந்தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உயரத்தைத் தொடுவதில்லை, வில்லின் எண்ணிக்கையைத் தொடுவதில்லை என்று அப்பா முன்கூட்டியே வரம்பு கட்டியிருந்தார்.

இரண்டாவது இடம் பால்பண்ணைப் பக்கம், லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறை. உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரு பட்டையை உருவிரலாம் தம்பி, மெத்துனு ஆயிரும்" என்றார். இது நாடெங்கும் நடக்கிற வைத்தியம். அப்பா மறுத்தார். ஐந்து பேர் சுமந்த பாரத்தை நான்கு பேர் சுமந்தால் மெத்தென்று வளையத்தான் செய்யும். ஆனால் பிரேக் பிடிக்கையில் அச்சு முறுக்கும்போது அந்த நான்கும் 'எஸ்' எழுத்துப் போல் நெளியும், ஏதேனும் ஒருநாள் நடுவில் கட் ஆகும். "உருவ வேணாம், பிரிக்கச் சொல்லு." அந்தப் பெரியவர் தொலைபேசியை எங்களிடமிருந்து வாங்கி அப்பாவிடம் நேரே பேசினார். அதன்பின் இருவரும் நாள்தோறும் பேசிக்கொண்டனர். நாங்கள் வண்டியோட்டிகள் மட்டுமே ஆனோம்.

பட்டைகளைப் பிரித்த நாளன்று பட்டறையில் இருந்தோம். யூ போல்ட்டுகள் அசையாமல் சூடு காட்டி அறுக்க வேண்டியிருந்தது. நடுப்போல்ட்டைக் கழற்றியும் பட்டைகள் பிரியவில்லை. இடையில் உளி வைத்துத் தட்டியபோது செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. கால்நூற்றாண்டு ஸ்ரீரங்கத்துப் புழுதியும், தோட்டத்துச் சேறும், மழையும் சேர்ந்து ஐந்து பட்டைகளை ஒரே கட்டையாக வார்த்திருந்தன. வில்வண்டி தன்னையறியாமல் கட்டைவண்டியாகியிருந்தது.

பழைய ஷாக்குகளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார் அப்பா. படுத்தவாறே, நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லித் தண்டை இழுத்தார். முதல் இரண்டு அங்குலம் காற்றில் கையை வீசுவது போல் வந்தது. அதன்பிறகே சற்றுப் பிடித்தது. "ஆயில் பாதி போயி காத்துக் குடிச்சிருக்கு. டாஷ்பாட்டு மாதிரிதான்." ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளின் சக்கரச் சட்டத்தில், அச்சுப்பெட்டிக்கு இருபுறமும் எண்ணெய் நிறைந்த கிண்ணங்கள் இருக்கும். வழிகாட்டும் தண்டு அந்த எண்ணெயில் அமிழ்ந்து எழும். அதுவே டாஷ்பாட். எண்ணெய் கசிந்துவிட்டால் பெட்டி உதறும், பயணி உறங்க மாட்டார். எண்ணெய் மட்டம் பார்ப்பதும் நிரப்புவதும் அவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை செய்த வேலை! அன்று இரவு உணவின்போது தட்டைத் தானே பிடித்துக்கொண்டு உண்டார்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்போர் கவனிக்கத்தக்கது. ஷாக் செத்துவிட்டது, ஆனால் துரு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, மோசமாக. பட்டையைப் பிரிக்காமல் ஷாக்கை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு பயனும் கண்டிருக்க முடியாது. அசையாத வில்லில் தணிப்பதற்கு எதுவும் இல்லை. ஷாக்கை மாற்றாமல் பட்டையை மட்டும் துலக்கியிருந்தால் வண்டி பரதம் ஆடியிருக்கும். விலையுயர்ந்த ஷாக்குகளை மாட்டிவிட்டு 'ஒன்றும் தெரியவில்லையே' என்று குறைபடுவோர் பலர். அவர்களுடைய பட்டைகளை ஒருவர் பார்க்க வேண்டும்.

பட்டைகளைத் துலக்கி, வளைவு சரிபார்த்து, நுனிகளில் தேய்வைக் குறைக்கும் பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து, கிராஃபைட் கிரீஸ் தடவி மீண்டும் அடுக்கினார் பட்டறைப் பெரியவர். ரப்பர் புஷ்கள் அனைத்தும் புதியவை. அடுத்து ஷாக் தேர்வு. சந்தையில் பெரும்பாலும் இருவகை. ஒற்றைக்குழாய் வகையில், மிகுந்த அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனும் எண்ணெயும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருக்கும். 1950-களில் பிரான்சு நாட்டவரான த கார்போன் பரப்பிய அமைப்பு. சூட்டை விரைவில் வெளியேற்றும். மேட்டிலும் பள்ளத்திலும் விரட்டுகிறவர்களுக்கு உகந்தது. ஆனால் அந்த அழுத்தமே தண்டை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சிறு அசைவுகளில் சற்று விறைப்பு. இரட்டைக்குழாய் வகையில் எண்ணெய் உட்குழாயிலிருந்து அடிவால்வு வழியே வெளிக்குழாய்க்குப் போய் வரும். நெடுநேரம் விரட்டினால் எண்ணெய் நுரைத்து வலு குன்றும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முதியவரைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் வண்டியில் எண்ணெய் நுரைக்கப் போவதில்லை. இரட்டைக்குழாய் என்று முடிவாயிற்று.

ஆனால் எது? ஷாக் அமுங்கும்போது காட்டும் தடை வேறு, நீளும்போது காட்டும் தடை வேறு; பெரும்பாலும் நீளும்போதுதான் அதிகம். அமுங்குகையில் சக்கரம் மேட்டைத் தழுவி எழ வேண்டும், ஆகவே இளக்கம். நீளுகையில், சேமித்த விசையை வில் முழுதும் திருப்பித் தர முயலும்; அப்போது பிடி வேண்டும். அப்பாவுக்கு அமுங்கலில் இன்னும் இளக்கமான ஒன்று தேவைப்பட்டது. பட்டறைப் பெரியவர், எடை குறைந்த வேறொரு வண்டிக்கான ஷாக்கைக் கொண்டுவந்தார். நீளம் ஏறக்குறைய ஒத்தது. கீழ்க்கண்ணின் துளை மட்டும் பெரிது. துவாக்குடிச் சாலையில் ஒரு லேத் பட்டறையில் எஃகுச் சிறுகுழல் கடைந்து அதில் செருகினோம். பெல் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதால், அரை மில்லிமீட்டர் என்றால் அரை மில்லிமீட்டராகவே கடைந்து தருகிற கைகள் திருச்சியில் கிடைக்கின்றன. கோயில் தேர்களுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்த ஆலை அது. தேருக்கு வில் கிடையாது என்பதையும் இந்த இடத்தில் எண்ணிக்கொண்டோம்.

நீளத்தைச் சோதிக்க அப்பா சொன்ன வழி எங்கள் வீட்டுப் பெண்களை மகிழ்வித்தது. பிசைந்த கோதுமை மாவை உருண்டையாக்கி, சட்டத்திலுள்ள ரப்பர் தடுப்பின் அடியில் ஒட்டிவிட்டு, வண்டியை ஒரு பெரிய வேகத்தடையில் ஏற்றி இறக்க வேண்டும். மாவு நசுங்கிய அளவைப் பார்த்தால் அச்சு எவ்வளவு மேலே வந்தது என்று தெரியும். ஷாக் முழுதும் அமுங்கி முட்டுவதற்கு முன் ரப்பர் முட்ட வேண்டும்; இல்லையெனில் ஷாக் உள்ளே உடையும். மாவு ஒரு விரற்கடை மீந்தது. நிறைவு.

முன்பக்கம் மட்டும் ஏன் என்று பலர் கேட்டனர். அப்பா முன்னிருக்கையில் அமர்கிறார் என்பது எளிய விடை. அதற்குப் பின்னால் இன்னொன்றும் உண்டு. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிப் பின் அமெரிக்காவின் காடிலாக்குக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர், 1930-களில் பாரங்களை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கத்தக்க ஒரு காரில் ஓயாது ஓட்டிப் பார்த்து ஒன்றைக் கண்டார்: முன்வில் பின்வில்லைவிட இளக்கமாக இருக்க வேண்டும். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. எங்கள் வண்டியில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்சக்கரம் அதே மேட்டை அடையக் கால் நொடிக்குச் சற்று மேலாகிறது. தாமதமாகப் புறப்பட்ட பின்பக்கம் சற்று விரைந்து ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்கும். தலையாட்டல் குறைந்து, வண்டி மட்டமாக மிதக்கும். ஆகவே பின்பக்கத்தின் விறைப்பை இப்போதைக்கு விட்டுவைத்ததில் ஒரு நியாயம் இருந்தது.

வேலை முடிந்தது டிசம்பரில். அதற்குள் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடிவிட்டிருந்தனர். திருவானைக்கோவில் வழியாகச் சென்னை நெடுஞ்சாலைப் பாலமேறி, சஞ்சீவி நகர் சுற்றிப் பயிற்சிக்குப் போனோம். நீண்ட வழி, ஆனால் வழவழப்பான வழி. டம்ளரில் 190-க்குக் குறையாமல் நீர் மீந்தது. அப்பா அதைக் குறித்துக்கொள்ள மறுத்தார். வேறு சாலை, வேறு கணக்கு.

வைகுண்ட ஏகாதசி அவ்வாண்டு 2023 ஜனவரி 2 அன்று வந்தது. அதிகாலை நேரலையில், நம்பெருமாள் சந்நிதியிலிருந்து எழுந்தருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீபாதம் தாங்குவோர் சிங்கத்தின் நடை, பாம்பின் நடை என்று கதி மாற்றி மாற்றிச் சுமப்பதை எத்தனையோ ஆண்டுகள் கண்டிருக்கிறோம். அப்பா அன்று புதிதாக ஒன்றைக் காட்டினார். "தோளப் பாக்காத, முழங்காலப் பாரு. படி எறங்குறப்ப மடிக்கிறது வேகம், நிமிர்த்துறது நிதானம்." உண்மைதான். இறங்கும்போது கால் சட்டென்று மடிந்து கொடுத்தது. எழும்போது நிதானித்து எழுந்தது. தோளில் இருந்தவர் மேல் போர்த்தியிருந்த மாலை ஆடவில்லை. பக்தியோடு பார்க்க வேண்டியதை இப்படிப் பார்க்கலாமா என்று அத்தை கடிந்துகொண்டாள்.

2023 மார்ச்சில் பாலம் திறந்தது. புது இணைப்புகள், புதிய தார். முதல் வாரமே போனோம். 194, 195, 194. நாங்கள் கைதட்டாத குறை. அப்பா குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பாலத்த மாத்திட்டாங்களே. இப்ப நல்லா போறது வண்டியா, ரோடா?"

அவர் எங்களைச் சீண்டவில்லை. உண்மையாகவே அது அவரை உறுத்திற்று. ஆறு மாதம் பாடுபட்ட ஒரு சோதனையின் ஒரு பாதியை நெடுஞ்சாலைத் துறை துடைத்துவிட்டது. சில நாள் கழித்து ஒரு யோசனையோடு வந்தார். பழைய ஷாக்குகள் தாழ்வாரத்தில்தான் கிடக்கின்றன; ஒரேயொரு நாள் அவற்றைத் திரும்ப மாட்டிப் புதுப் பாலத்தைக் கடந்து பார்க்கலாம். நாங்கள் இருவரும் ஒரே குரலில் மறுத்தோம். "நான் உக்காரல. டம்ளர் மட்டும் உக்காரட்டும்" என்றார். பட்டறைப் பெரியவரிடமும் பேசினார். அவர்தான் சமாதானம் செய்தவர்: பட்டைகள் இப்போது துலக்கியவை, ஆகவே பழைய ஷாக்கை மாட்டினாலும் பழைய வண்டி திரும்ப வராது, ஐயா. அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. 'ஒப்பிட இயலாது' என்று எழுதிக் கீழே கோடிட்டார்.

ஏப்ரலில் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். குணசீலத்துக்கு அப்பால் சிறு வாழைத்தோட்டம். விழுந்த பிறகு அவர் பார்க்காதது. மருத்துவரைக் கேட்டோம்; மெதுவாகப் போகலாம் என்றார். கொள்ளிடத்தைத் தாண்டி, நெம்பர் ஒன் டோல்கேட்டில் திரும்பி, நாமக்கல் சாலையில் நொச்சியம் வழியே போனோம். வலப்பக்கம் வயல், இடப்பக்கம் ஆறு. சிறு ஒட்டுகள் சக்கரத்தின் கீழே கடந்து போவது காதில் கேட்டது, இருக்கையில் தெரியவில்லை. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இருவரும் பதறிப் பார்த்தோம். தேநீர்க் கடை.

தோட்டத்துச் செம்மண் வழியில் மட்டும் சற்று முகம் சுளித்தார். இறங்கி, கைத்தடியை ஊன்றிப் புதிதாய்த் தார் விட்டிருந்த வாழைகளை எண்ணிவிட்டு வந்து, முக்காலியில் ஏறிச் சரிந்து அமர்ந்தார். டம்ளர் அன்று கொண்டுபோகவில்லை. பலகையின் குழி வெறுமையாக இருந்தது. குறிப்பேடு மட்டும் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. திரும்பும் வழியில் வாத்தலை அருகே எடுத்து, ஓடும் வண்டியிலேயே ஏதோ எழுதினார். வீட்டுக்கு வந்து பார்த்தோம். தேதி, தூரம், 'முன்பக்கம் சரி'. அடுத்த வரியில்: 'பின் ஷாக் நீளம் அளக்க. மாவு வேண்டும்.'